மாப்பிள்ளையாகவே உட்கார்ந்திருக்கிறேன், அப்பா ஆவது எப்படி?

ஓவர்லாக்_அப்பா (திருப்பூர்)

எல்லாருக்கும் வணக்கமுங்க. கேட்கவே ஒரு மாதிரி கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்டுவிடுகிறேன். பையன் பிறந்து இன்றைக்கு நாற்பத்தொரு நாள். தலைப்பிரசவம் என்பதால் மனைவி அவங்க அம்மா வீட்டில், கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கம். நான் இங்கே பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். காலை எட்டரைக்கு உள்ளே போனால் ராத்திரி எட்டரை, ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை சம்பளம் போட்டு முடித்து வண்டியை எடுத்து, பெருமாநல்லூர், குன்னத்தூர் வழியாகப் போய்ச் சேரும்போது பதினொன்று ஆகிவிடும். பையன் தூங்கிக்கொண்டிருப்பான். ஞாயிறு சாயங்காலம் கிளம்பிவிடுவேன். நடுவில் இருக்கிற அந்த ஒரு பகல்தான் என் கணக்கில் வருவது.

அந்தப் பகலில் என்ன நடக்கிறது என்றால், மாப்பிள்ளை வந்திருக்கிறார் என்று நாட்டுக்கோழி அடிப்பார்கள். ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், சேர் போட்டு, ஃபேனை என் பக்கம் திருப்பி வைப்பார்கள். அத்தை பையனைக் கொண்டுவந்து மடியில் வைப்பார். இரண்டு நிமிடம். அவன் முகத்தைச் சுளிப்பான், நான் பயந்துபோய் விறைப்பாக உட்காருவேன், அது அவனுக்கும் தெரியுமோ என்னவோ, உடனே அழுவான். "குடுங் மாப்ள, சட்டையெல்லாம் ஆயிரும்" என்று வாங்கிக்கொண்டு போய்விடுவார். அப்புறம் நான் சோறு தின்றுவிட்டு டிவி பார்க்க வேண்டியதுதான்.

போன வாரம் கொஞ்சம் அதிக நேரம் தோளில் போட்டு நடந்தேன். சாயங்காலம் நிறுத்தாமல் அழுதிருக்கிறான். "ஒரம் உழுந்திருச்சாட்ட இருக்குது, யாரு தூக்குனது?" (தூக்கும்போது பிள்ளைக்குச் சுளுக்கிக்கொள்வதைத்தான் உரம் விழுவது என்பார்கள்) என்று பக்கத்து வீட்டு அம்மா கேட்க, அத்தனை பேரும் என்னைப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே சுவரைப் பார்த்தார்கள்.

இன்னொன்று, அவனிடம் என்ன பேசுவது என்றே தெரியவில்லை. மனைவி மணிக்கணக்கில் பேசுகிறாள். லைனில் நாற்பது பேரை அதட்டி வேலை வாங்குகிற எனக்கு அவன் முன்னால் "என்னடா" என்பதற்கு மேல் வாய் வர மாட்டேன் என்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்க.

தறிச்சத்தம் (சோமனூர்)

தம்பி, முதல் வேலையாக அந்தச் சேரை விட்டு எழுந்திருங்கள். பாதி அங்கேதான் இருக்கிறது.

எனக்கும் மூத்தவள் பிறந்தபோது இதே கதைதான். மூன்று மாதம் மாமனார் வீட்டில் விருந்தாளியாகவே உட்கார்ந்திருந்தேன். பிள்ளையைப் பார்க்கப் போனேன் என்று சொல்வதைவிட, பிள்ளை இருந்த வீட்டில் கறிச்சோறு தின்னப் போனேன் என்றால்தான் சரியாக இருக்கும். அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கும் அவளுக்கும் அறிமுகமே கிடையாது.

இரண்டாவதுக்கு உஷாராகிவிட்டேன். யாரும் போட்டிக்கு வராத வேலையாகப் பார்த்துப் பிடித்தேன், அதாவது ராத்திரி ஒரு மணி, இரண்டு மணி வேலை. சனிக்கிழமை ராத்திரி போய் இறங்கியதும் "இன்னைக்கு நீங்க எல்லாரும் தூங்குங்க, பால் குடிச்சு முடிச்சதும் என்கிட்ட குடுத்துருங்க" என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். பால் கொடுப்பது அவள் வேலை. ஏப்பம் எடுப்பது, ஈரத்துணி மாற்றுவது, மறுபடி தூங்க வைப்பது எல்லாம் நான். அந்த நேரத்தில் அத்தை இல்லை, சட்டை அழுக்காகும் என்று சொல்ல ஆள் இல்லை, நீங்கள் உளறினால் கேட்டுச் சிரிக்கவும் ஆள் இல்லை. நான் பாவு ஓடுகிற கணக்கு, நூல் விலை, கரண்ட் பில் எல்லாம் சின்னவளிடம் சொல்லியிருக்கிறேன். ரொம்பக் கவனமாகக் கேட்பாள். என் முதலாளி அவ்வளவு கேட்டதில்லை.

பஸ்ஸ்டாண்டு_பையன் (தாராபுரம்)

தப்பா எடுத்துக்காதீங்க, இதெல்லாம் இப்போ வந்த ஃபேஷன். எங்கப்பா என்னைத் தூக்கி ஒரு போட்டோகூடக் கிடையாது. விடிந்தால் காடு, பொழுது போனால் வீடு. நான் என்ன கெட்டா போயிட்டேன்? நாற்பது நாள் குழந்தைக்கு யார் அப்பா, யார் சித்தப்பா என்று என்ன தெரியப்போகிறது. ஒரு வயது ஆனால் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அதுவரை அம்மா பார்த்துக்கொள்வாங்க. உழைக்கிற மனுசன் தூங்கட்டும்.

கொங்கு_மிளகாய் (உடுமலை)

கெட்டுப்போகலை சரிங்க. உங்கப்பாகிட்ட உட்கார்ந்து அஞ்சு நிமிசம் பேசுவீங்களா? இல்லை, அம்மா மூலமாத்தான் சேதி போகுமா? எங்க வீட்டில் இன்னைக்கும் "அப்பாகிட்ட சொல்லிருங்கம்மா" தான். அவரும் நானும் ஒரே வராண்டாவில்தான் இருப்போம்.

கேள்வி கேட்டவருக்கு என் பக்கத்துச் சேதியையும் சொல்கிறேன், நான் ரெண்டு பெத்தவள். நிறைய அப்பாக்கள் குழந்தை குளிச்சு, பால் குடிச்சு, மை வெச்சு, சிரிச்சுக்கிட்டு இருக்கிற அரை மணி நேரத்துக்கு மட்டும் வருவாங்க. போட்டோ எடுப்பாங்க, ஸ்டேட்டஸ் வைப்பாங்க. துணி நனைஞ்ச அடுத்த நிமிசம் "இந்தா புடி". அப்புறம் "என்கிட்ட ஒட்டவே மாட்டேங்குது" என்று வருத்தம் வேற. நீங்க அப்படி இல்லைன்னு நினைக்கிறேன், ஆனா அத்தை வந்து வாங்கும்போது விட்டுக்கொடுத்துடறீங்க பாருங்க, அதில் உங்களுக்கும் ஒரு நிம்மதி இருக்குது. இல்லைன்னு சொல்லுங்க பார்க்கலாம்.

ஓவர்லாக்_அப்பா (திருப்பூர்)

இல்லைன்னு சொல்ல முடியலைங்க அக்கா.

வார்டு_சிஸ்டர் (ஈரோடு)

நான் பச்சிளங்குழந்தை வார்டில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த உரம் விஷயம். நீங்கள் தோளில் போட்டதால் ஒன்றும் ஆகியிருக்காது. ஒரு கையை விரித்துக் கழுத்தையும் பின்மண்டையையும் தாங்கிக்கொண்டு தூக்கினால் பயப்பட ஒன்றுமில்லை. குழந்தையின் அழுகை பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏறிக்கொண்டே போய் ஆறாவது வாரம் வாக்கில் உச்சிக்கு வரும், மூன்று நான்கு மாதத்தில் இறங்கும். சாயங்காலத்தில்தான் அதிகம் இருக்கும். உங்கள் பையனுக்கு இப்போது சரியாக ஆறு வாரம். அவன் அழ வேண்டிய வாரத்தில் நீங்கள் போய் மாட்டிக்கொண்டீர்கள், அவ்வளவுதான். உரம் எடுக்கிறேன் என்று சேலையில் போட்டு உருட்டவோ, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கவோ யாரையும் விடாதீர்கள். காய்ச்சல் இருந்தாலோ, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ அது வேறு, உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். மார்பில் கிடக்கிற பிள்ளைக்கும் தாய் முகத்துக்கும் இருக்கிற தூரம் அது. நீங்கள் சேரில் நிமிர்ந்து உட்கார்ந்து, மடியில் வைத்துப் பார்த்தால் உங்கள் முகம் அவனுக்கு ஒரு மங்கலான பூசணிக்காய். குனியுங்கள், ஒரு முழத்துக்குள் வாருங்கள். ஆறு வாரத்தில் பார்வை கொஞ்சம் கூடியிருக்கும், இருந்தாலும் கிட்டத்தில் இருக்கிற முகம்தான் அவனுக்குப் பிடிக்கும்.

அப்புறம் சட்டை. அதைக் கழற்றிவிடுங்கள், அழுக்காகிற பேச்சும் போய்விடும். டயப்பரோடு மட்டும் அவனை உங்கள் வெற்று மார்பில் போட்டு, மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு, சாய்ந்து உட்காருங்கள். 1978இல் கொலம்பியா நாட்டில் பொகோட்டா ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர் போதாமல் எட்கர் ரே என்கிற டாக்டர் ஆரம்பித்தது இந்த முறை, கங்காரு மாதிரி தாயின் மார்பிலேயே கட்டி வைப்பது. இப்போது எடை குறைந்த பிள்ளைகளுக்கு நாளில் 8 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரம் வரை இப்படி வைக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அம்மாவுக்கு உடம்பு முடியாதபோது எங்கள் வார்டில் அப்பாக்களை உட்கார வைக்கிறோம். லாரி ஓட்டுகிறவர், பெரிய மீசை, "எனக்கு இதெல்லாம் வராது சிஸ்டர்" என்றவர், அரை மணி நேரத்தில் மூச்சுக்கூடச் சத்தமாக விடாமல் உட்கார்ந்திருப்பார். நல்ல எடையில் பிறந்த பிள்ளைக்கும் இது ஆகாது என்று இல்லை. ஒன்று மட்டும், அந்த நிலையில் நீங்கள் தூங்கிவிடக் கூடாது. ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வந்த உடம்பு, சோபாவில் சாய்ந்தால் கண் சொருகும். கண் சொருகினால் உடனே குழந்தையைத் தனியாக, மல்லாக்கப் படுக்க வைத்துவிடுங்கள். போவதற்கு முன் குளித்துவிட்டுப் போங்கள், பஞ்சுத் தூசியும் சிகரெட் வாசமும் வேண்டாம்.

என்ன பேசுவது என்று கேட்டீர்கள். செய்கிற வேலையைச் சொல்லுங்கள். "இப்போ சட்டை மாத்தறோம் சாமி, இந்தக் கையக் குடு, அந்தக் கை எங்க?" அவ்வளவுதான் பேச்சு. கொஞ்சம் இழுத்து, ராகம் போட்டு, குரலை மேலே ஏற்றிப் பேசுங்கள். குழந்தைகள் அந்த மாதிரிப் பேச்சைத்தான் உற்றுக் கேட்கும். ஒன்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். இந்த நிறுத்துவதைத்தான் ஆண்கள் செய்வதில்லை, நாலு தரம் "டேய் டேய் டேய்" என்று அடுக்குவார்கள். நிறுத்தினால் அவன் வாயைக் குவிப்பான், காலை உதைப்பான், இன்னும் கொஞ்ச நாளில் "ங்கா" என்பான். அது அவன் முறை. அப்புறம் உங்கள் முறை. முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, கொட்டாவி விட்டாலோ, விரலை விரித்தாலோ போதும் என்று அர்த்தம், விட்டுவிடுங்கள்.

ஐடி_கோவை (சரவணம்பட்டி)

சிஸ்டர் சொன்னது அருமை. நான் மனைவி மாசமாக இருந்தபோதே தினமும் வயிற்றில் வாயை வைத்துப் பேசினேன், அதனால்தான் என் மகளுக்குப் பிறந்த உடனே என் குரல் தெரிந்தது. ஓவர்லாக் அண்ணா, நீங்கள் அதைத் தவற விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொரு தகவல். பிலிப்பைன்ஸில் செபு என்ற இடத்தில் 600க்கும் மேற்பட்ட ஆண்களைச் சில வருடம் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள், 2011இல் வெளியானது. அப்பா ஆனவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் நன்றாக இறங்கியிருக்கிறது, ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இன்னும் குறைவு. அதாவது அப்பா ஆவது ஆண் உடம்பிலேயே நடக்கிற மாற்றம்.

பஸ்ஸ்டாண்டு_பையன் (தாராபுரம்)

இதைப் படிச்சுட்டு யாருங்க புள்ளையைத் தூக்குவாங்க. மீசை கொட்டுமா?

தறிச்சத்தம் (சோமனூர்)

கொட்டாது தம்பி. எனக்கு மீசை அப்படியே இருக்கிறது, தலைதான் கொட்டிவிட்டது. அது பிள்ளைகளால் அல்ல, கரண்ட் பில்லால்.

வார்டு_சிஸ்டர் (ஈரோடு)

ஐடி தம்பி, உங்கள் சந்தோசத்தைக் கெடுக்கவில்லை, ஆனால் தவற விட்டுவிட்டோம் என்று அவர் வருத்தப்பட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். பிறந்த குழந்தைக்குத் தாயின் குரல் பிடிக்கும் என்று 1980இல் ஆராய்ச்சி செய்து காட்டினார்கள். அதே ஆராய்ச்சியாளர் 1984இல் அப்பா குரலை வைத்தும் செய்து பார்த்தார். அப்பா குரலையும் வேறொரு ஆண் குரலையும் குழந்தைகள் பிரித்துத் தெரிந்துகொண்டன, ஆனால் அப்பா குரல்தான் வேண்டும் என்று எதுவும் கேட்கவில்லை. தாயின் குரல் உடம்புக்குள்ளிருந்தே எலும்பு வழியாகவும் போகிறது, அப்பா குரல் வெளியிலிருந்து போகிற சத்தம். அதனால் வயிற்றில் பேசினவரும் பேசாதவரும் கிட்டத்தட்ட ஒரே கோட்டிலிருந்துதான் கிளம்புகிறார்கள். வெளியே வந்த பிறகு எவ்வளவு கேட்கிறான் என்பதுதான் கணக்கு.

ஐடி_கோவை (சரவணம்பட்டி)

சரிங்க சிஸ்டர், வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனாலும் என் மகள் என்னைப் பார்த்தாள். 😀

லீவு பற்றியும் யாராவது பேசுங்களேன். மத்திய அரசு ஊழியருக்கு 1972 விடுப்பு விதிகளின்படி அப்பாவுக்கு 15 நாள் உண்டு, பிரசவம் ஆன ஆறு மாதத்துக்குள் எடுத்துக்கொள்ளலாம். தனியார் கம்பெனியில் வேலை செய்கிற அம்மாவுக்கு 2017 திருத்தத்துக்குப் பிறகு 26 வாரம். தனியார் கம்பெனி அப்பாவுக்குச் சட்டத்தில் ஒன்றுமே இல்லை, முதலாளி மனசு வைத்தால் உண்டு. எங்கள் ஆபீஸில் ஐந்து நாள் கொடுத்தார்கள். அதில் இரண்டு நாள் ஆஸ்பத்திரி பில் கட்டுவதிலேயே போய்விட்டது.

ஓவர்லாக்_அப்பா (திருப்பூர்)

எங்கள் பக்கம் லீவு என்ற சொல்லே ஷிப்மெண்ட் முடிந்த பிறகுதான். பிறந்த அன்று அரை நாள் கொடுத்தார்கள், சாக்லேட் வாங்கிக் கொடுத்ததால் பிடித்தம் செய்யவில்லை.

ரிக்கு_வண்டி (திருச்செங்கோடு)

வாரம் ஒரு பகல் கிடைக்குதே, கொடுத்து வெச்சவர் நீங்க. நான் போர்வெல் போடற வண்டியில் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் பக்கம் போனால் வர ஐந்து ஆறு மாதம் ஆகும். பையன் மூணு மாதத்தில் இருக்கும்போது கிளம்பினேன், ஒன்பதாவது மாதம் வந்தேன். வாசலில் பையை வைத்துவிட்டு ஆசையாகப் போய்த் தூக்கினேன் பாருங்க, ஊரே கூடிவிட்டது, அப்படி ஒரு அலறல். நான் ஏதோ பிள்ளை பிடிக்க வந்தவன் மாதிரி. அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

வீட்டில் அம்மாதான் யோசனை சொன்னாங்க. "நீ அவன்கிட்டப் போகாத. கீழ உக்காந்து ஏதாச்சும் வேலையப் பாரு, அவனே வருவான்." ஒரு டப்பாவையும் நாலு ஸ்பேனரையும் எடுத்து வைத்துக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். முதல் நாள் கதவு மூலையில் இருந்து பார்த்தான். இரண்டாம் நாள் தவழ்ந்து வந்து டப்பாவைத் தட்டிவிட்டு ஓடினான். நாலாவது நாள் வந்து என் தொடையைப் பிடித்து எழுந்து நின்றான். நான் திரும்பிப் பார்க்கவே இல்லை, பார்த்தால் போய்விடுவானோ என்று பயம்.

இதில் ஒரு கூத்து. வெளியூரில் இருந்தபோது தினமும் ராத்திரி வீடியோ கால் பேசுவேன். வந்த பிறகு ஒரு நாள் பின்னால் நின்று அதே மாதிரி "ஏஞ்சாமி" என்று கூப்பிட்டேன். அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, போன் எங்கே என்று தேடினான்! அப்பா என்றால் போனுக்குள் இருக்கிற ஆள் என்று நினைத்திருக்கிறான். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஆனால் குரல் தெரிந்திருக்கிறது பாருங்க, அது போதும் என்று எடுத்துக்கொண்டேன்.

வார்டு_சிஸ்டர் (ஈரோடு)

எட்டு ஒன்பது மாதத்தில் புது முகத்தைக் கண்டால் அலறுவது நல்ல வளர்ச்சிதான், வீட்டு ஆளையும் வெளி ஆளையும் பிரிக்கத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். உங்கள் அம்மா சொன்னதைவிடச் சரியாக எங்களுக்கும் சொல்லத் தெரியாது. வீடியோ கால் பற்றி, ஒன்றரை வயதுக்குள் திரையே காட்டாதீர்கள் என்று சொல்கிற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம்கூட வீட்டு ஆட்களோடு பேசுகிற வீடியோ காலுக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருக்கிறது.

போனைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1970களில் எட்வர்டு டிரானிக் என்பவர் ஒரு சோதனை செய்தார். பிள்ளையோடு கொஞ்சிக்கொண்டிருக்கிற தாயைக் கொஞ்ச நேரம் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு சும்மா பார்க்கச் சொன்னார். பிள்ளை சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, சத்தம் போடுகிறது, கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது அல்லது அழுகிறது. மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு ரீல்ஸ் தள்ளுகிற அப்பாக்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஞாபகம்தான் வரும். அம்மாக்களும்தான்.

காங்கேயத்து_அப்புச்சி

வயது 71. பேத்தி டைப் அடிக்கிறாள், பிழை இருந்தால் அவளைச் சேரும்.

பஸ்ஸ்டாண்டு தம்பி சொன்ன அந்தக் காட்டுக்கார அப்பன் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் காலத்தில் பெரியவங்க இருக்கிற வாசலில் தன் பிள்ளையைத் தானே தூக்கிக் கொஞ்சினால் "மானங்கெட்டவன்" என்பார்கள். அண்ணன் பிள்ளையை நான் தூக்கலாம், என் பிள்ளையை என் அண்ணன் தூக்கலாம், அவரவர் பிள்ளையை அவரவர் தூக்கக் கூடாது. என் அய்யன் தலை தெரிந்தால் கையில் இருக்கிற பிள்ளையைக் கட்டிலில் போட்டுவிட்டுத் தள்ளி நிற்பேன். பிள்ளை கத்தும்.

ஆனால் மாடு கட்டுகிற தொண்டுப்பட்டியில் பசு கன்றுக்குட்டி போட்டால் மட்டும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். காளைக் கன்று பிறந்தால் அதைத் தடவி, நக்க விட்டு, பேர் வைத்து, விடிய விடியப் பேசுவேன். "வாடா ராசா, குடிடா, இன்னுங் கொஞ்சம்." அது காது நிமிர்த்திக் கேட்கும். என் பெரியவனுக்கு இப்போது ஐம்பது வயசு, அவனிடம் அப்படி ஒரு வார்த்தை பேசினதாக எனக்கு ஞாபகம் இல்லை. பேச்சு வராது என்று அந்தத் தம்பி எழுதியிருந்ததைப் படித்ததும் பேத்தியை எழுதச் சொன்னேன். பேச்சு வராமல் இல்லை சாமி. கன்றுகிட்டப் பேசற வாய்தான் அது.

பேரன் பிறந்தபோது அந்தப் பாக்கியெல்லாம் தீர்த்துக்கொண்டேன். என் மகன் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

கொங்கு_மிளகாய் (உடுமலை)

அப்புச்சி, காலையில கண்ணைக் கசக்க வெச்சுட்டீங்க.

பஸ்ஸ்டாண்டு_பையன் (தாராபுரம்)

அப்புச்சிக்கு வணக்கமுங்க. எங்க வீட்டிலும் கன்னுக்குட்டி இருந்துச்சு. வேற ஒண்ணும் சொல்லலை.

பெயர்_வேண்டாம்

இங்கே கேட்கலாமா தெரியவில்லை. நீங்கள் எல்லாரும் பிள்ளை ஒட்டவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். எனக்கு ஒட்ட வேண்டும் என்றே தோன்றவில்லை. மகள் பிறந்து நாலு மாதம். அவள் அழுகையைக் கேட்டால் கோபம் வருகிறது, ஒரு தடவை கட்டிலில் கொஞ்சம் வேகமாகக் கிடத்திவிட்டேன், என் கையைப் பார்த்து எனக்கே பயம். கடன் வேறு. குடோனில் வேலை இருக்கிறது என்று சொல்லி அங்கேயே படுத்துக்கொள்கிறேன், ஆனால் அங்கேயும் தூக்கம் இல்லை. வீட்டில் சொன்னால் "பெத்தவளே தெம்பா இருக்கா, உனக்கென்ன கேடு" என்பார்கள்.

வார்டு_சிஸ்டர் (ஈரோடு)

நல்ல வேளை எழுதினீர்கள். பிரசவத்துக்குப் பின் வருகிற மனச்சோர்வு அப்பாக்களுக்கும் வரும். பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2010இல் வெளியான கணக்குப்படி சுமார் பத்தில் ஒரு அப்பாவுக்கு இருக்கிறது. பெண்களுக்கு அழுகையாக வருவது ஆண்களுக்குக் கோபமாக, வீட்டுக்குப் போகாமல் இருப்பதாக, குடியாகக்கூட வரும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, வைத்தியம் இருக்கிறது.

இன்றைக்கே செய்ய வேண்டியது, அழுகை தாங்க முடியாதபோது குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு வெளியே வந்து ஐந்து நிமிடம் நில்லுங்கள், முகம் கழுவுங்கள். அழுதால் அழட்டும், அதனால் ஒன்றும் ஆகாது. குலுக்கினால்தான் மூளையில் ரத்தம் கசியும், அது உயிர் போகிற விஷயம். அப்புறம் 14416க்குப் போன் போடுங்கள், டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள், எந்நேரமும் உண்டு. மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவும் இருக்கிறது. உங்களுக்கே ஏதாவது செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் வந்தால் நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

தறிச்சத்தம் (சோமனூர்)

தம்பி, தனியாக மெசேஜ் போட்டிருக்கிறேன், என் நம்பர் இருக்கிறது. ராத்திரி ஷிப்டில் முழிச்சுத்தான் இருப்பேன், எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் கூப்பிடுங்கள். தறிச்சத்தத்தில் கேட்காவிட்டால் வெளியே வந்து பேசுகிறேன்.

பெயர்_வேண்டாம்

கூப்பிடுகிறேன் அண்ணா. அந்த நம்பருக்கும் பேசுகிறேன்.

ஓவர்லாக்_அப்பா (திருப்பூர்)

மூன்று வாரம் ஆகிவிட்டது, சொல்லாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

முதல் சனிக்கிழமை தறிச்சத்தம் அண்ணா சொன்ன மாதிரி ராத்திரி வேலையைக் கேட்டு வாங்கினேன். மனைவி நம்பவில்லை, அத்தைக்கு அதைவிடச் சங்கடம். "அய்யோ மாப்ள, நீங்க போய்" என்று இரண்டு தரம் கதவைத் திறந்து பார்த்தார். ஒன்றரை மணிக்கு அவன் எழுந்தான், பால் குடித்தான், என் தோளில் கக்கினான். துணி மாற்றும்போது பாதியில் மறுபடி நனைத்தான். எனக்கு வியர்த்துவிட்டது. "இப்போ இந்தக் காலு, அப்புறம் அந்தக் காலு" என்று சொல்லிக்கொண்டே செய்தேன். சொல்லிவிட்டு நிறுத்தினேன், சிஸ்டர் சொன்ன மாதிரி. அவன் என்னை முறைத்துப் பார்த்தான். லைனில் புதிதாகச் சேர்ந்த ஆள் சூப்பர்வைசரைப் பார்ப்பானே, அப்படி.

அடுத்த வாரம் சட்டையைக் கழற்றிவிட்டு ஆசாரத்திலேயே மார்பில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மாமா வெளியே இருந்து வந்தவர் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பிப் போய்த் தோட்டத்தில் மோட்டார் போட்டுவிட்டார். அரை மணி நேரம் கழித்துத்தான் வந்தார். கோபமா கூச்சமா என்று இன்னும் தெரியவில்லை. அப்புச்சி எழுதினதை அவருக்குப் படித்துக் காட்டலாமா என்று யோசித்தேன், தைரியம் வரவில்லை.

நேற்று ராத்திரி பையன் சிரித்தான். என்னைப் பார்த்து என்று எழுதத்தான் ஆசை. என் தலைக்கு மேலே சுற்றின ஃபேனைப் பார்த்துச் சிரித்தான். பரவாயில்லை, நான் அந்த வழியில்தான் இருந்தேன்.

ஆனால் இதைச் சொல்லத்தான் வந்தேன். இன்றைக்குக் காலையில் அத்தை பாப்பாவுக்குத் தண்ணி வார்த்துக்கொண்டிருந்தார், காலை நீட்டி அவனைக் கிடத்தி, கையெல்லாம் எண்ணெய். நான் பக்கத்தில் நின்று சொம்பு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்காமலே சொன்னார், "மாப்ள, அந்த வாளியில கெடக்கற பீத்துணிய எடுத்துச் சித்தெ அலசிப் போட்டுருங்." சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்குள் நான் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

கொங்கு_மிளகாய் (உடுமலை)

அய்யய்யோ, போச்சு. இனிமேல் நாட்டுக்கோழி கிடையாது உங்களுக்கு.

ஓவர்லாக்_அப்பா (திருப்பூர்)

இன்றைக்கு மதியம் பருப்புச் சோறும் ரசமும்தானுங்க அக்கா.